வீடு முழுக்கச் சேர்ந்து காக்கும் பயம்

1950-களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு சாலமன், லைமன் வின் ஆகிய இருவரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடாத சோதனை அது. ஒரு பெட்டி, நடுவில் நாயின் முதுகு உயரத்துக்கு ஒரு தடுப்பு. விளக்கு அணையும். 10 விநாடி கழித்துத் தரையில் மின்சாரம் பாயும். துடித்துப்போன நாய் தடுப்பைத் தாண்டி அடுத்த பக்கம் விழும். அங்கே மின்சாரம் இல்லை. சில முறை பட்டதும் விஷயம் புரிந்துவிடுகிறது. விளக்கு அணைந்த கணமே தாண்டிவிடுகிறது, அடி வாங்குவதே இல்லை.

பிறகு மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். நாய்கள் நிறுத்தவில்லை. நூறு முறை, இருநூறு முறை விளக்கை அணைத்தும் தாண்டிக்கொண்டே இருந்தன. போகப்போக வேகம்கூட ஏறியது. ஊளை, நடுக்கம் எல்லாம் அடங்கி, தினசரி வேலையைப் போல நிதானமாகத் தாண்டின. தரை பாதுகாப்பாகிவிட்டது என்பதை அறிய அவற்றுக்கு ஒரே வழிதான் இருந்தது: தாண்டாமல் 10 விநாடி நிற்பது. அதைத்தான் அவை செய்யவில்லை.

அடுத்து இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். தாண்டிப் போகிற பக்கத்தில் மின்சாரம் வைத்தார்கள். தாண்டினால் அடி விழும் என்றால் நிறுத்திவிடும் என்று நாம் நினைப்போம். பெரும்பாலான நாய்கள் முன்பைவிட வேகமாகத் தாண்டின. இந்த இரண்டாவது முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குடும்பங்களில் இதைத் தினமும் பார்க்கிறேன்.

இதற்குக் கொஞ்சம் முன்பே, 1947-ல், ஓ. எச். மவுரர் என்ற அமெரிக்க உளவியலாளர் பயத்துக்கு இரண்டு கட்டங்கள் உண்டு என்று எழுதியிருந்தார். முதல் கட்டத்தில் ஒரு சத்தமோ இடமோ வலியோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் கட்டத்தில் அந்த இடத்தை விட்டு விலகுகிறோம், உடனே ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைக்கிற வேலையை யார் விடுவார்கள்? பயத்தை உண்டாக்கியது விபத்து. அதற்குச் சோறு போட்டு வளர்ப்பது விலகல். மவுரருடைய கோட்பாட்டில் ஓட்டைகள் உண்டு, பின்னால் வந்தவர்கள் நிறையத் திருத்தினார்கள். ஆனாலும் சிகிச்சை அறையில் முதல் அரை மணி நேரத்துக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆய்வகத்து நாய் தனியாகத் தாண்டியது. நம் ஊரில் ஒருவர் தாண்டுவதற்கு வீடே கைகொடுக்கிறது.

என்னிடம் வருகிற பலருடைய கதைகளைக் கலந்து, அடையாளங்களை மாற்றி, ஒரே ஆளாக இங்கே எழுதுகிறேன். 26 வயது இளைஞர், அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர். நான்கு வழிச் சாலையில் ஊருக்குப் பிரியும் இடத்தில் ஒரு டேங்கர் லாரி இவருடைய பைக்கை உரசியது. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் அங்கேயே இறந்துவிட்டான். இவருக்குக் காலில் பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது, நடை வந்தது. ஆனால் லாரி நிற்கும்போது ஏர் பிரேக் ‘புஸ்’ என்று காற்றை விடுமே, அந்தச் சத்தம் கேட்டால் போதும், சட்டை நனைந்துவிடும். டீசல் வாடை ஆகாது. தூக்கத்தில் அலறல். வீட்டில் ‘பயந்த கோளாறு’ என்று சொல்லி மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதி வந்தார்கள். இதையெல்லாம் நான் கேலி செய்வதில்லை. ஊரறியச் செய்கிற ஒரு சடங்கில், நடந்தது பெரிய விஷயம்தான் என்ற ஒப்புதலாவது இருக்கிறது. வீட்டுக்குள் அதன் பிறகு நடந்ததுதான் எனக்குக் கவலை.

அந்த நண்பனின் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. இருவரும் சேர்ந்து எடுத்த படம் பீரோவுக்குள் போய்விட்டது. டிவியில் விபத்துச் செய்தி வந்தால் தங்கை ரிமோட்டைப் பாய்ந்து எடுக்கிறாள். சித்தப்பா தினமும் காலையில் தன் காரில், அந்தப் பிரிவைத் தொடாமல், இரண்டு கிராமங்களைச் சுற்றி ஆலையில் கொண்டுபோய் விடுகிறார். அம்மா மணிக்கொரு முறை போன் செய்கிறார். இரவில் அம்மாவின் பாய் மகன் அறை வாசலில். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் பார்த்த மண்டபத்தைக்கூட அந்தச் சாலையில் இருக்கிறது என்று மாற்றியிருக்கிறார்கள்.

ஒவ்வொன்றும் அன்பில் செய்தது. எதையும் குறை சொல்ல நாக்கு வராது. ஆனால் கூட்டிப் பாருங்கள்: எட்டு மாதமாக அந்த இளைஞருக்கு ‘புஸ்’ சத்தத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை. எல்லாரும் இப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்றால் வெளியே ஆபத்து உண்மையில் அவ்வளவு பெரியதுதான் போலும் என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. அம்மா மணிக்கொரு முறை “நல்லா இருக்கியாப்பா?” என்று கேட்பதில், நல்லா இல்லாமல் போகலாம் என்ற செய்தியும் சேர்ந்தே போகிறது.

அப்பா வேறு கட்சி. “இன்னும் எத்தன மாசத்துக்குடா இந்தக் கூத்து? ஆம்பளப் புள்ளதான நீ?” விலகினால் திட்டு விழுகிறது. மகன் என்ன செய்தார்? அப்பா இருக்கும் கூடத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். மறுபக்கம் மின்சாரம் வைத்தபோது நாய்கள் வேகமாகத் தாண்டியது இதேதான். ஒரே வீட்டில் பொத்தி வைப்பவர் ஒருவரும் விரட்டுகிறவர் ஒருவரும் இருப்பது மிகச் சாதாரணம். இருவரும் ஒருவரை ஒருவர் சாட்டுவார்கள்: “நீ செல்லம் குடுத்துக் கெடுத்த”, “நீங்க திட்டித் திட்டியே இப்படி ஆயிட்டான்.” இரண்டும் சேர்ந்து ஒரே பயத்துக்குத்தான் காவல் இருக்கின்றன.

மற்றவரின் பயத்துக்கு ஏற்பக் குடும்பம் தன் நடைமுறைகளை வளைத்துக்கொள்வதை முறையாக அளக்கத் தொடங்கியது 1990-களில்தான். 1995-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களின் வீடுகளை ஆராய்ந்து, இந்த வளைந்துகொடுத்தல் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று எழுதினார்கள். ஓசிடி உள்ள ஒரு வீட்டுக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருமகள் கழுவச் சொல்லும் முறையில் மாமியார் குழாயைக் கழுவிக்கொண்டிருப்பார், வெளியிலிருந்து வந்த பேரன் வாசலிலேயே சட்டையைக் கழற்றுவான், “கேஸ் அணைச்சாச்சா?” என்ற ஒரே கேள்விக்குக் கணவர் ஒரு ராத்திரியில் எத்தனை முறை பதில் சொல்கிறார் என்பதை அவரே எண்ணுவதை விட்டிருப்பார்.

அதே யேலில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். பதற்ற நோயுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சையில் குழந்தையைப் பார்க்காமலே, பெற்றோரை மட்டும் பார்த்தால் என்ன? 124 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் குழந்தைக்கே வழக்கமான சிகிச்சை. மற்றதில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி: பிள்ளையின் பயத்துக்காக வீட்டில் செய்துவரும் ஏற்பாடுகளை, முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொன்றாகக் குறைப்பது, குறைக்கும்போது திட்டாமல் “உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, உன்னால தாங்க முடியும்னும் தெரியும்” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது. 2019-ல் முடிவு வெளிவந்தது. பெற்றோர் மட்டும் வந்த குழுவின் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளுக்குக் குறையாமல் தேறியிருந்தார்கள். சிகிச்சையாளரின் முகத்தையே பார்க்காத பிள்ளைகள் அவர்கள்.

இதை அப்படியே நம் ஊரில் இறக்கினால் ஒரு சிக்கல் உண்டு. அங்கே இரண்டு பெரியவர்களிடம் பேசினால் வீட்டோடு பேசியதாகிவிடும். இங்கே அம்மா ஒரு ஏற்பாட்டை நிறுத்தினால் அப்பத்தா அதை எடுத்துக்கொள்வார். காலை ஏழு மணிக்கு “வயித்த வலிக்குது” என்று ஆரம்பிக்கும் பிள்ளையை அம்மா பள்ளிக்குக் கிளப்புவார், எட்டு மணிக்கு அப்பத்தா “பச்சப் புள்ளய ஏன்டி வதைக்கிற?” என்று ஓமத் தண்ணீரோடு வந்து நிற்பார். அதனால் அப்பத்தா வராத வீட்டின் பயிற்சியை நான் தொடங்குவதில்லை. வரும் அப்பத்தாக்களில் பெரும்பாலோர் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். நாய் துரத்தினால் ஓடாதே, நின்றால் அது நிற்கும் என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே அவர்கள்தான்.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘புஸ்’ சத்தம் காதில் விழுந்ததும், இது என்ன என்று யோசிக்கும் முன்பே மூளையின் அமிக்டலா வழியாக உடம்புக்குத் தகவல் போய்விடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் அடிக்கிறது, வியர்க்கிறது. அமிக்டலாவைப் ‘பய மையம்’ என்று எழுதுவது பத்திரிகைகளுக்கு வசதி. அந்தப் பகுதியை ஆராய்ந்து பெயர் பெற்ற ஜோசப் லெடூவே அந்தப் பெயர் வேண்டாம் என்கிறார்: அது ஆபத்தைக் கண்டு உடம்பைத் தயார் செய்கிறது, ‘நான் பயப்படுகிறேன்’ என்ற உணர்வு உருவாக மூளையின் மற்றப் பகுதிகளும் வேண்டும். நம் கதைக்கு முக்கியமானது வேறு. இந்தத் தயார்நிலை எந்நேரமும் உச்சத்திலேயே இருக்க முடியாது. ஏறும், நிற்கும், இறங்கும். தப்பித்து ஓடுகிறவர் ஏறுவதை மட்டுமே பார்க்கிறார். இறங்குவதைப் பார்த்ததே இல்லை.

எனவே சிகிச்சையின் நடு வேலை, அஞ்சுவதை அளவாக எதிர்கொள்வது. இதன் மூத்த கதை 1924-ல் நியூயார்க்கில் நடந்தது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆய்வாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டில் உள்ள முயலைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலை மடியில் வைத்துக்கொண்டான். இவ்வளவைத்தான் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நடுவில் ஒரு சறுக்கல் இருந்தது. பீட்டர் ஓரளவு தேறிய நிலையில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். இரண்டு மாதம் கழித்து வெளியே வரும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்து வந்தது. கூட இருந்த நர்ஸும் பயந்துவிட்டார். தேறியதெல்லாம் போய்ப் பயம் பழைய இடத்துக்கு வந்தது. தின்பண்ட முறை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பெரியவர் பயந்ததைக் குழந்தை பார்த்தது என்பதை ஜோன்ஸ் குறித்து வைத்தார். குடும்ப வேலைக்கு அது முதல் குறிப்பு.

நம் இளைஞருக்கு வருகிறேன். பயப்படும் விஷயங்களை ஒரு தாளில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொன்னேன். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பி கொடுத்துப்போன அளவுகோல் அது. போரில் அதிர்ந்துபோன சிப்பாய்களைப் பார்த்த அனுபவத்திலிருந்து தன் சிகிச்சை முறையைத் தேடத் தொடங்கியவர் அவர். நண்பனின் பெயரைச் சத்தமாகச் சொல்வதற்கு 40. லாரிச் சத்தத்தை போனில் கேட்பதற்கு 50. பிரிவுச் சாலை டீக்கடையில் உட்காருவதற்கு 80. உச்சியில் லாரி இல்லை. நண்பனின் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவைப் பார்ப்பதற்கு 95 போட்டிருந்தார். காரியத்தன்று இவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், அதன் பிறகு போகவே இல்லை. லாரியை வெட்டிக்கொண்டு முன்னே போனது தான்தான் என்பது இவர் மனதில் இருந்தது. எட்டு மாதத்தில் அதை யாரும் கேட்கவில்லை, கேட்கவிடாமல் வீடு பார்த்துக்கொண்டது.

முதல் பயிற்சியை அவருக்குக் கொடுக்கவில்லை, அம்மாவுக்குக் கொடுத்தேன். மணிக்கொரு போனை மதியம் ஒன்று என்று ஆக்க வேண்டும். “எனக்கு நெஞ்சு படபடங்குமே மேடம்.” ஆகும்தான். அவருக்கும் ஒரு தாள், அவருக்கும் 0 முதல் 100. முதல் நாள் காலை பதினொன்றுக்கு 90 என்று எழுதியிருந்தார், பன்னிரண்டுக்கு 60. இறங்கியதைத் தன் கையாலேயே எழுதிய பிறகு அவரிடம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டீக்கடைக்கு முதல்முறை நானும் போனேன். நெடுஞ்சாலைக் கடைகளுக்கே உரிய நீள பெஞ்சு, பாய்லர், வடை தட்டு. அவர் முதுகைச் சாலைக்குக் கொடுத்து உட்கார்ந்தார். திரும்பி உட்காரச் சொன்னேன். ஒரு சிமெண்ட் லாரி வேகத்தடையில் நின்று ‘புஸ்’ என்றது. கிளாஸைப் பிடித்திருந்த கை ஆடி டீ சிந்தியது. “85… 90.” கண்ணை மூடவேண்டாம், போனை எடுக்கவேண்டாம், லாரியின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள் என்றேன். படித்தார். அடுத்த லாரி. அதற்கடுத்தது. நாற்பது நிமிடத்தில் 55-க்கு வந்தது. டீக்கடைக்காரர் எங்களைப் போலீஸ் என்று நினைத்துவிட்டார் என்பது தனிக் கதை.

அடுத்து வந்த வாரங்களில் இதைப் பல நேரங்களில், பலரோடு செய்தோம். சித்தப்பாவோடு, தங்கையோடு, தனியாக, மழையில், இருட்டிய பிறகு. காரணம் உண்டு. பயம் அடங்குவது என்றால் பழைய நினைவு அழிவது இல்லை. அடங்கியது ஓய்வுக்குப் பிறகு தானாகத் தலைகாட்டும் என்பதைப் பாவ்லோவே நாய்களிடம் கண்டார். மார்க் பவுட்டன் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதை இன்னும் தெளிவாக்கின: பழைய சாலை அப்படியே இருக்கிறது, பக்கத்தில் ஒரு பைபாஸ் போடுகிறோம், அவ்வளவுதான். அந்தப் புதிய பாதை போட்ட இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. என் அறையில் மட்டும் தேறியவர் தெருவில் தேறியிருக்க மாட்டார்.

இன்னொரு பாதி வேலை அறைக்குள் நடந்தது. பிலடெல்ஃபியாவில் எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த முறையில், அன்றைய தினத்தைக் கண்ணெதிரே இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். அந்த ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். ஐந்தாவது தடவை சொல்லும்போது, முன்பு வராத ஒரு விவரம் வந்தது. லாரி இண்டிகேட்டர் போடாமல் திரும்பியது. குற்ற உணர்வு அத்தோடு போய்விடவில்லை. ஆனால் ‘நான் கொன்றேன்’ என்ற ஒற்றை வரி, நீளமான, சிக்கலான, உண்மைக்கு அருகிலான ஒரு கதையாக மாறத் தொடங்கியது. நண்பனின் வீட்டுக்கு அப்பாவே கூட்டிப்போனார். திட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரு வேலை கிடைத்ததும் திட்டு குறைந்துவிட்டதை நான் வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

குடும்பமே நோயை வளர்க்கிறது என்று இதுவரை படித்தவர்கள் முடிவுகட்டிவிட வேண்டாம். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் இன்றும் உறவினர் ஒருவர் உடன் தங்குவது சிகிச்சையின் பகுதி. உலகின் பல இடங்களில் குடும்பத்தை வாசலோடு நிறுத்திய காலத்தில் நம் நாட்டில் நடந்தது இது. நாற்பது நிமிடம் மட்டுமே என்னிடம் இருப்பவரோடு மற்ற நேரமெல்லாம் இருக்க நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதன் திசையைத்தான் திருப்ப வேண்டியிருக்கிறது.

எதிர்கொள்வது நல்லது என்றால் எல்லாரையும் உடனே பேசவைத்துவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். பேரிடர் நடந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் விலாவாரியாகச் சொல்லவைப்பது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 1997-ல் பிரிட்டனின் கார்டிஃபில் தீக்காயம் பட்ட 133 பேரிடம் சோதித்தார்கள். 13 மாதம் கழித்து, இப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு மனவடு நோய் இருந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம். பெரும்பாலானவர்கள் முதல் சில வாரங்களில் தாமாகவே தேறுகிறார்கள். சுனாமி போன்ற ஒன்று நடந்த மறுநாள் ஒருவருக்கு வேண்டியது தண்ணீர், தங்க இடம், காணாமல் போன தன் ஆட்களைப் பற்றிய தகவல். பேச நினைத்தால் கேட்க ஒருவர். தோண்டக் கூடாது. மாதங்கள் கடந்தும் சிக்கிக்கிடப்பவருக்குத்தான் நான் மேலே சொன்ன பயிற்சி.

காணாமல் போனவரின் வீட்டுக்கும் அது பொருந்தாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து, முடிவு தெரியாத இழப்பு தனி வகை என்றார். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் அத்தகைய வீடுகள் எத்தனையோ உள்ளன. மகனின் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்க மறுக்கும் தாயை நோயாளி என்று நான் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனியாளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது என்று எழுதினார். வாயைத் திறக்காமல் இருப்பதும் யாரையும் நம்பாமல் இருப்பதும் அங்கே பல ஆண்டுகள் உயிரைக் காத்த பழக்கங்கள். போர் நின்ற மறுநாளே அவற்றை விடு என்று சொல்ல யாருக்கு உரிமை?

கடைசியாக ஒரு வகை. மனைவியைக் கூட்டிவருகிறார் கணவர். “எதுக்கெடுத்தாலும் பயப்படுறா, தூங்க மாட்டேங்குறா, கொஞ்சம் தைரியம் சொல்லுங்க மேடம்.” கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்கிறார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் அந்தப் பெண்ணிடம் பேசுவேன். பைக் சத்தம் வாசலில் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது என்கிறார். மணிக்கட்டில் வளையலுக்கு மேலே பச்சை நிறத் தழும்பு. இந்த நெஞ்சடைப்பு தவறான கணிப்பு இல்லை, சரியான கணிப்பு. பெட்டியில் மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்பில் 0 முதல் 100 தாள் இருக்காது. 181 என்ற உதவி எண், 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரை எங்கே பார்ப்பது, பத்திரங்களும் ஆதார் அட்டையும் யாரிடம் கொடுத்து வைப்பது, ராத்திரியில் பிள்ளைகளோடு போய்க் கதவைத் தட்டினால் திறக்கக்கூடியவர் யார் என்பவைதான் இருக்கும்.